தாடையில் விபூதி

அத்தியாயம் 5

“லதீசன், வாயைப் பிளந்துகொண்டு நிக்காமல் அந்தக் கதிரையை இஞ்சாலை இழு. இவவின்ரை முகத்தை நான் கிட்ட நிண்டு பாக்கவேணும்.”

சுவர்ணா அக்கா ‘இவ’ என்று சொன்னது சுவரில் தொங்கிய படத்தில் இருந்த லிடியா எல்லர்பியை. ஆள் போய்ச் சேர்ந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல். அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மோர்டனில் சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு வருவதில் முக்கால்வாசி கலியாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, கனடாவில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறாரா என்று தேடிக் கொடுத்தே பெயர் எடுத்தவர் அக்கா. படத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது அவருக்குக் கைவந்த கலை.

நான் ஸ்ருட்கார்ட்டில் வளர்ந்தவன். லண்டனைச் சுற்றிப்பார்க்க ஒரு கிழமை லீவில் வந்து, இன்றுவரை அக்காவின் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சம்பளத்தில் பாதி பகிடி விடுவதற்கு என்று அக்கா சொல்லுவார். மற்றப் பாதி எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

“நல்ல குடும்பம்தான் அக்கா. தகப்பன் பாதிரியார். பொம்பிளைக்குத்தான் வயசு கொஞ்சம் கூட,” என்றேன்.

“உன்ரை திருவாயைக் கொஞ்சம் மூடு.”

விம்பிள்டன் பக்கத்தில் மரங்களுக்குள் ஒளிந்திருக்கிற இந்த எல்லர்பி இல்லம் இப்போது காட்சிச்சாலை. ஒரு காலத்தில் வீடு முழுக்க எழுத்தாளர்கள். தகப்பன் பிரசங்கம் பிரசங்கமாக எழுதித் தள்ளியவர். மூத்தவள் அகதா கவிதை. இளையவள் லிடியா நாவல். நாவல் எல்லாவற்றிலும் மழை பெய்யும், கதாநாயகி நனைவாள், காய்ச்சல் வரும். அண்ணன் எட்மண்ட் தன் பங்குக்கு முன்னுரை எழுதினார். தங்கச்சிமாரின் புத்தகத்தை விட முன்னுரை நீளம் என்று கேள்வி.

இதெல்லாம் எனக்கு மாலினி சொன்னது. மாலினி இந்த வீட்டின் வழிகாட்டி; எங்களைக் கூப்பிட்டவளும் அவள்தான். வருகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போய்க் கதை சொல்லுவது அவளின் வேலை. தமிழ் ஆட்கள் வந்தால் தமிழிலேயே சொல்லுவாள். இப்போது அவள் கதவோரம் நின்று, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

படத்துக்குக் கீழே ஒரு சின்ன மேசை. மேசையில் கண்ணாடிக் குடுவை கவிழ்த்து வைத்திருந்தது. குடுவைக்குள்ளே சிவப்பு வெல்வெட் துணி மட்டும் கிடந்தது. அந்தத் துணியில் நேற்று முன்தினம்வரை இருந்தது லிடியாவின் பின்னல். அந்தக் காலத்து வெள்ளைக்காரருக்கு அது ஒரு வழக்கம். செத்தவர்களின் தலைமயிரை வெட்டி எடுத்து மோதிரத்தில் பதிப்பார்கள், சங்கிலியாகப் பின்னிப் போடுவார்கள், இப்படிக் கண்ணாடிக்குள் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள்.

“பெரிய இழப்பு, மிகப் பெரிய இழப்பு,” என்றார் பெலிங்ஹாம். அவர்தான் இந்த வீட்டுக்குப் பொறுப்பாளர். உயரமான, மெலிந்த, வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். “திங்கட்கிழமை பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து வருவதாக இருந்தது. அந்த முடியைச் சோதித்து லிடியா என்ன நோயில் இறந்தார் என்று கண்டுபிடிக்க இருந்தார்கள். என்ன செய்வது, எல்லாம் போய்விட்டது. இன்று பின்னேரம் நிர்வாகக்குழு கூடுகிறது. எனக்குத் தேவை ஒரு பெயர் மட்டும். யார் என்று தெரிந்தால் போதும். தெரியாவிட்டால், கடைசியாக இந்த அறைக்கு ஆட்களைக் கூட்டிவந்தது மாலினிதான் என்று பொலிசுக்குச் சொல்ல வேண்டி வரும்.”

சொல்லிவிட்டு எங்களுக்குத் தேநீர் வேண்டுமா என்று மிக அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்.

“அக்கா, சிற்றிசன்ஷிப்புக்குப் போட்டுட்டு இருக்கிறன்,” என்றாள் மாலினி. “களவு எண்டு என்ரை பேர் பொலிஸ் கொம்பியூட்டரிலை ஏறினாலே காணும், எல்லாம் முடிஞ்சுது. குரோய்டன் குடிவரவுக் கந்தோர் வாசல்லை நான் நிண்ட நிலையெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே. இனி ஒருக்கா என்னாலை ஏலாதக்கா.”

“அழாதை பிள்ளை. அழுதா மூக்கு அடைக்கும், மூக்கு அடைச்சா மூளை வேலை செய்யாது,” என்றார் அக்கா, கதிரையில் ஏறிக்கொண்டே. ஏறியவர் லிடியாவின் முகத்துக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு விரல் நுனியால் படத்தின் கண்ணாடியைத் தொட்டு, முகர்ந்து பார்த்து, என்னிடம் நீட்டினார்.

“என்ன இது?”

“தூசி.”

“உன்ரை கண்ணிலைதான் தூசி. வடிவாப் பார்.”

பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. விபூதி! எல்லர்பி வம்சத்து லிடியா அம்மையாருக்கு யாரோ விபூதி பூசியிருக்கிறார்கள். அதுவும் நெற்றியில் இல்லை, தாடையில்.

“அப்ப சந்தேகமே இல்லை, தமிழ் ஆள்தான்,” என்று மாலினி தலையில் கை வைத்தாள். “இனி நான்தான் எண்டு முடிவே கட்டிப்போடுவினம்.”

“நீ எந்தக் கோயில் பிள்ளை?”

“அந்தோனியார் கோயில் அக்கா. நாங்கள் வேதக்காரர்.”

“பேந்தென்ன, உன்னட்டை விபூதி ஏது? அதை விடு. களவெடுக்க வாறவன் வீட்டுக்காரிக்கு விபூதி பூசிப்போட்டுப் போவானோ? இது களவெடுத்த கை இல்லை, கும்பிட்ட கை.” அக்கா கதிரையிலிருந்து இறங்கி, குதியை உயர்த்தி, கையை நீட்டிப் பார்த்தார். விரல் லிடியாவின் கீழுதடுவரை போனது. அதற்கு மேலே போகவில்லை. “பூசினவருக்கு நெத்திதான் வேணும். எட்டேல்லை. எட்டின இடத்திலை பூசிப்போட்டார். என்னளவு ஆள். இல்லாட்டி என்னிலும் கட்டை.”

“உங்களிலும் கட்டையெண்டா தேடுறது சுகம் அக்கா. மோர்டன் முழுக்க ரெண்டோ மூண்டோ பேர்தான் இருப்பினம்.”

அக்கா பார்த்த பார்வையில் நான் கதிரையை எடுத்து இருந்த இடத்தில் வைத்தேன்.

“முந்தாநாள் ஆர் ஆர் வந்தது?” என்று அக்கா கேட்டார்.

“மோர்டன் முதியோர் சங்கம். ஒரு பஸ் நிறைய.”

“கதை சொல்லேக்கை உன்னட்டை என்ன கேள்வி கேட்டவை?”

மாலினி யோசித்தாள். “வழமையான கேள்விதான் அக்கா. ரொய்லெற் எங்கை எண்டு கேட்டினம். தேத்தண்ணி எப்ப எண்டு கேட்டினம். இந்த வீடு இப்ப என்ன விலை போகும் எண்டு எல்லாரும் கேட்டினம். பிறகு… ஒரு ஐயா ஒரு விசர்க் கேள்வி கேட்டார். லிடியா சாகேக்கை, தன்ரை பின்னலைத் தமக்கை அகதாவின்ரை குழிக்குள்ளை வைக்கச்சொல்லிக் கேட்டவ, அண்ணன்காரன் மாட்டன் எண்டு கண்ணாடிக்குள்ளை வைச்சிட்டான் எண்டு நான் சொன்னன். எல்லாரும் உச்சுக்கொட்டிச்சினம். இவர் மட்டும், ‘அப்ப இந்தப் பிள்ளைக்கு ஆர் கொள்ளி வைச்சது?’ எண்டு கேட்டார். நான் சிரிச்சுப்போட்டன்.”

அக்கா சிரிக்கவில்லை. “கட்டையான ஆளோ? சட்டைப்பையுக்கை எப்பவும் ஒரு சின்ன டப்பி?”

“ஓம். உங்களுக்கு எப்பிடி…?”

“லதீசன், காரை எடு. தேவராசா ஐயா வீட்டை விடு.”

தேவராசா ஐயாவைத் தெரியாத தமிழ் வீடு தென்லண்டனில் இல்லை. தெரியாமல் இருக்கவேண்டும் என்று விரும்புகிற வீடுகள் உண்டு, ஏனென்றால் ஐயா வருகிறார் என்றால் அந்த வீட்டில் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம். செத்தவீட்டுக்குத் தேவையான சாமான் வாங்குவது, தேவாரம் படிப்பது, சவக்காடு போனதும் உடலை எரிக்க எந்த நேரம் எந்தப் பொத்தானை அமத்துவது என்று மகன்மாருக்குக் காட்டிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். காசு வாங்கமாட்டார். தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார்.

கதவைத் திறந்தவர் அக்காவைப் பார்த்தார். பின்னால் நின்ற மாலினியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோட்டக் கொட்டிலில், சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற பாபிகியூத் தட்டு ஒன்று கருகிப்போய் இருந்தது. பக்கத்தில் மாஜரீன் டப்பா.

“நான்தான் எடுத்தனான்,” என்றார். “எல்லாரும் தேத்தண்ணிக்குப் போன நேரம். குடுவைக்குப் பூட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. தூக்கினன், வந்திட்டுது. ஆனா பிள்ளையின்ரை தலையிலை விழும் எண்டு சத்தியமா நினைக்கேல்லை. அந்த நேரம் எனக்கு ஒண்டும் ஓடேல்லை.”

“ஏன் ஐயா?” அக்காவின் குரல் தணிந்திருந்தது.

“ஒரு குமர்ப்பிள்ளை. சாகேக்கை ஒண்டே ஒண்டு கேட்டிருக்கு. அதையும் குடுக்காமல், காட்சிப்பொருளா வைச்சு எல்லாருக்கும் காட்டுறாங்கள். மனம் பொறுக்கேல்லை.” அவர் கொட்டில் கதவைப் பிடித்துக்கொண்டார். “என்ரை தங்கச்சி முள்ளிவாய்க்காலிலை போனவள். உடம்பு கிடைக்கேல்லை. எங்கை கிடக்கிறாள் எண்டு ஒருதருக்கும் தெரியாது. ஊராருக்கெல்லாம் நான் நிண்டு செய்யிறன். அவளுக்கு எண்டு எரிக்க ஒரு தலைமயிர் எனக்குக் கிடைக்கேல்லை. இஞ்சை எண்டா ஒரு முழுப் பின்னல்.”

மாலினி போய் அவரின் கையைப் பிடித்தாள்.

“சரி, எரிச்சுப்போட்டுச் சாம்பலைத் தேம்ஸிலை கரைப்பம் எண்டு நினைச்சன்,” என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். “கற்பூரம் வைச்சன். தேவாரம் படிச்சன். பிள்ளை, எரியுதில்லை! உருகுது. சொட்டுச் சொட்டா ஒழுகுது. மணக்கிற மணத்துக்குப் பக்கத்துவீட்டு வெள்ளைக்காரி யன்னலைச் சாத்திப்போட்டுப் போறாள். நான் பயந்துபோனன். அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். ராத்திரி நித்திரையில்லை.”

அக்கா மாஜரீன் டப்பாவைத் திறந்தார். உள்ளே கறுப்பாக, கட்டியாக, உருகி இறுகிய ஒரு முடிச்சு. நகத்தால் தட்டினார். டக் டக் என்று கேட்டது.

தலைமயிர் கருகினால் எப்படி மணக்கும் என்று அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். தலைமயிர் டக் டக் என்று சத்தம் போடாது.

அக்காவின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. கனடாக் குடும்பம் அகப்படுகிற நாட்களில் வருகிற சிரிப்பு.

“ஐயா, உடுப்பை மாத்திக்கொண்டு வந்து காரிலை ஏறுங்கோ.”

“பொலிசுக்கோ? வாறன். நான் செய்ததை நானே சொல்லுறன்.”

“ஒருதருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம். காருக்குள்ளை இருந்தாக் காணும். சொல்லவேண்டியவர் வேறை ஆள்.”

எல்லர்பி இல்லத்துக்குத் திரும்பியபோது நிர்வாகக்குழு ஏற்கெனவே சாப்பாட்டறையில் கூடிவிட்டது. ஐயாவைக் காரில் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் நேரே பெலிங்ஹாமின் அறைக்குப் போனோம். அக்காவின் ஆங்கிலம் இலக்கணத்தை மதிக்காது. ஆனால் ஆளை விடாது.

“பெயர் கிடைத்ததா?” என்று ஆவலாக எழுந்தார் மனிதர்.

“அதைத்தான் கேட்க வந்தேன்,” என்றார் அக்கா. “காலையிலும் பெயர் கேட்டீர்கள். இப்போதும் பெயர் கேட்கிறீர்கள். பொருளைத் தொலைத்தவன் எங்கே, எங்கே என்று அலைவான். அதைக் கொண்டுவந்து தா என்று காலைப் பிடிப்பான். நீங்கள் ஒரு தடவைகூடப் பின்னல் எங்கே என்று கேட்கவில்லை. உங்களுக்கு அது திரும்பி வரக்கூடாது, இல்லையா?”

மாஜரீன் டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தார்.

“இதுதான் உங்களுடைய லிடியா. எந்தத் தொழிற்சாலையில் பிறந்தவர்?”

பெலிங்ஹாம் டப்பாவைப் பார்த்தார். கழுத்து வண்ணத்துப்பூச்சி மேலும் கீழும் போய்வந்தது. கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“பூச்சி,” என்றார் சின்னக் குரலில். “அந்துப்பூச்சி. போன குளிர்காலம் ஒருநாள் குடுவையைத் திறந்தேன். முக்கால்வாசி தூளாகிப்போய் இருந்தது. என் பொறுப்பில், என் கண்முன்னே. யாரிடம் சொல்வேன்? இணையத்தில் ஒரு செயற்கைச் சவுரிமுடி வாங்கி வைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு அந்த ஆய்வுகூடம் கடிதம் போட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.”

“ஒருத்தர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனதும் தெய்வமே என்று இருந்திருக்கும்,” என்றேன் நான்.

“ஆம்,” என்றார், பாவம், மறைக்காமல்.

“உங்கள் தூக்கத்துக்கு இவளின் வாழ்க்கையை விற்கப்பார்த்தீர்கள்,” என்றார் அக்கா. குரலில் இப்போது சிரிப்பில்லை. “இந்தப் பிள்ளை இந்த நாட்டில் காலூன்ற எத்தனை வருடம் கஷ்டப்பட்டாள் தெரியுமா? எழும்புங்கள். சாப்பாட்டறைக்குப் போய், இப்போது எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். நான் கதவடியில் நிற்பேன்.”

அவர் போய்ச் சொன்னார். நிர்வாகக்குழுத் தலைவி வெள்ளைத் தலையுடன் இருந்த ஒரு அம்மா. முழுவதையும் கேட்டுவிட்டு, காணாமற்போனது இணையத்தில் வாங்கிய ஒரு சவுரிமுடி என்றால் அதற்குப் பொலிஸ் எதற்கு என்று ஒரே வரியில் முடித்தார். பிறகு எழுந்து வந்து, எல்லோருக்கும் முன்னால் மாலினியிடம் மன்னிப்புக் கேட்டார். பெலிங்ஹாமையும் கேட்க வைத்தார். ஆய்வுகூடத்துக்கு அவரே தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். மனிதர் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

வெளியே வரும்போது மாலினிக்கு மூச்சு வந்திருந்தது. நடைவழியில் அவரை நிறுத்தினாள்.

“பூச்சி தின்றது போக மிச்சம் இருந்ததே, அதை என்ன செய்தீர்கள்?”

பெலிங்ஹாமின் காது சிவந்தது. “குப்பையில் போட மனம் வரவில்லை. நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் சொல்வீர்களே, லிடியாவின் கடைசி ஆசை என்று. ஒருநாள் மழையில் தேவாலயத்துக்குப் பின்னால் போய், அகதாவின் கல்லறைக்குப் பக்கத்தில் சின்னக் குழி தோண்டி வைத்தேன். இந்த விஷயத்தில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். அவர் கேட்டபடியே போய்ச் சேரட்டும் என்று.”

மாலினியின் முகம் வெளிறியது. அக்காவின் பக்கம் திரும்பித் தமிழில், படபடவென்று சொன்னாள்: “ஐயோ அக்கா! அப்பிடி ஒரு ஆசையே இல்லை. ஒரு புத்தகத்திலையும் இல்லை. அந்த அறைக்கு வந்தா எல்லாருக்கும் கொட்டாவி வருது எண்டு நான் சும்மா சேத்து விட்டனான்!”

அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். நான் அக்காவை அப்படிக் கண்டது அன்றைக்குத்தான்.

“என்ன சொல்கிறார்?” என்று பெலிங்ஹாம் கவலையோடு என்னைக் கேட்டார்.

“உங்களுக்கு நல்ல மனசாம். நன்றி சொல்கிறார்,” என்றேன்.

“அந்தக் கடைசி ஆசையைப் புதிய அறிவிப்புப் பலகையில் போடலாம் என்று நினைக்கிறோம்,” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“பலகை எழுதமுன்னம் நான் அவரோடை கதைக்கிறன்,” என்று மாலினி முணுமுணுத்தாள். “முதல்லை ஐயாவோடை கதைக்கவேணும்.”

“வேண்டாம் பிள்ளை,” என்றார் அக்கா. “மனுசன் இண்டைக்கெண்டாலும் நித்திரை கொள்ளட்டும்.”

“என்ரை கதையை நம்பித்தானே அவர் இவ்வளவும் செய்தவர். மறைச்சா எனக்கு நித்திரை வராது.”

காரில் தேவராசா ஐயா சீற்பெல்ற்றைக்கூடக் கழற்றாமல் இருந்தார். மாலினி பின்பக்கம் அவருக்குப் பக்கத்தில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சி, சவுரிமுடி, அகதாவின் கல்லறையடியில் புதைத்தது. அதைக் கேட்டதும் அவர் கைகூப்பினார். பிறகு அவள் தன் பொய்யையும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

நான் கார்க் கண்ணாடியில் ஐயாவைப் பார்த்தேன்.

“அப்ப அந்தப் பிள்ளை ஒண்டுமே கேக்கேல்லையோ?”

“இல்லை ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“எழுதுறவையின்ரை வீட்டிலை வேலை செய்தா இதுதான் வரும் போலை,” என்று அவர் மெல்லச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “நல்ல பொய் பிள்ளை. என்ரை தங்கச்சிக்கும் ஆராவது இப்பிடி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கடைசியிலை இன்னது கேட்டவள், இன்ன மரத்தடியிலை வைச்சனாங்கள் எண்டு. நான் நம்பியிருப்பன்.”

நான் கார்த் திறப்பைத் திருகப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அவவின்ரை பேர் என்ன ஐயா?” என்று மாலினி கேட்டாள்.

“அஜந்தா.”

“என்ன மாதிரி ஆள்? சொல்லுங்கோ. இந்த முறை நான் ஒண்டும் சேர்க்கமாட்டன்.”

அவர் சொல்லத் தொடங்கினார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிறுத்தாமல். அஜந்தா எப்படிச் சைக்கிள் ஓடுவாள், தமையனோடு எதற்கெல்லாம் கோபம் போடுவாள் என்றெல்லாம். நாங்கள் நின்றது குடியிருப்பாளர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த இடம். கவுன்சில் ஆள் வந்து படம் எடுத்து, கண்ணாடியில் தண்டச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனான். அக்கா அவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அந்தத் தண்டத்தைக் கட்டியதும் அவர்தான். மற்றச் சீட்டுகளுக்கெல்லாம் என் சம்பளத்தில் கைவைக்கிறவர், அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொல்லிக்காட்டியதில்லை.